ஓபிஸ்போ எத்தனை கிலோ?

லோமா செக்காவில் ஒருவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பெண்டாட்டி ஏன் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள், போன தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்டால்கூட, மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குடுவையை நீட்டி, உட்காரச் சொல்லி, சாவகாசமாகப் பதில் சொல்வான். உன் குதிரை எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அதைக் கேட்கிறவன் ஒரே ஒருவன்தான். கிழட்டுக் குதிரைகளை லாரியில் ஏற்றிக் கறிக்கு அனுப்புகிற வியாபாரி. அவன்தான் கிலோக் கணக்கில் வாங்குவான். ஆகவே, மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் ஐந்து கிலோ முன்னே பின்னே எடை சொல்லிவிடும் அந்த ஊர் ஆண்பிள்ளைகள் யாருக்கும், தினமும் தாங்கள் ஏறி உட்காரும் குதிரையின் எடை தெரியாது. தெரியாமல் இருப்பதே பெரிய மனுஷத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெரிய மனுஷத்தனத்துக்கு வேட்டு வைத்தது ஒரு குதிரை. தோன் கசிமிரோ லெதெஸ்மாவின் ஓபிஸ்போ.

தோன், தோனா என்பது பெரியவர்கள் பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல். ஓபிஸ்போ என்றால் பிஷப். கருஞ்சிவப்பு நிறமும், அவசரமே இல்லாத நடையும், எதிரில் வருகிறவர்களை ஆசீர்வதிப்பது போல் தலையை ஆட்டும் பழக்கமும் இருந்ததால் அந்தப் பெயர். ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் சான் ரோக்கே திருவிழா ஊர்வலத்தில் புனிதரின் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவது லெதெஸ்மா குடும்பம். கசிமிரோவின் தாத்தா பிடித்தார், அப்பா பிடித்தார், இப்போது கசிமிரோ பிடிக்கிறார். வருஷத்தின் மற்ற நாட்களில் அவர் செய்கிற காரியம் எதுவும் ஊர் பேசும்படியாக இருந்ததில்லை. அதனால் அந்த ஒரு நாளை அவர் மிகவும் நம்பியிருந்தார்.

போன வருஷம் ஊர்வலம் கோயில் வாசலை அடைந்ததும் ஓபிஸ்போ நின்றது. முன்னங்கால்கள் இரண்டையும் மெல்ல மடித்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புனிதரின் சுரூபத்துக்கு எதிரில் மண்டி போட்டது. மெழுகுவர்த்தி விற்கிற தோனா த்ரான்சித்தோ, "அதிசயம்! வாயில்லா ஜீவன் கும்பிடுது!" என்று அலறினாள். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரோ ஓடிப்போய் மணியடித்தார்கள். கசிமிரோ குதிரையை விட்டு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

குனிந்து பார்த்தது ஒருத்திதான். கால்நடை டாக்டர் ரெபேக்கா.

"முட்டி ரெண்டும் உரிஞ்சு ரத்தம் வருது, தோன் கசிமிரோ. முதல்ல இறங்குங்க."

"பக்தி, டாக்டரம்மா."

"பக்தி இல்லைங்க. பாரம்."

அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வருஷம் முழுக்க, சாராயக்கடையில் புது ஆள் யார் வந்தாலும், குதிரை மண்டியிட்ட கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குதிரை இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக மண்டியிட்டது.

ரெபேக்கா விடவில்லை. சவாரிக்காரர்கள் சங்கக் கூட்டத்துக்குப் போய், ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, போனால் ஊர்வலத்தில் சேர்க்கக் கூடாது, இல்லாவிட்டால் மேலதிகாரிகளுக்கு எழுதுவேன் என்றாள். கமிட்டி அதிர்ந்துபோய் மூன்றில் ஒரு பங்கு என்றது. அவள் முடியாது என்றாள். பழைய டிராக்டருக்கு விலை பேசுகிற மாதிரி அரை நாள் பேசி, கடைசியில் நான்கில் ஒரு பங்குக்குப் படிந்தது. குதிரையின் முதுகெலும்பை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

குதிரைகளை மாட்டுச் சந்தை எடைமேடையில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. "அப்போ ஆளுங்களை?" என்று ரெபேக்கா கேட்டாள். பெரிய பெரிய தொப்பைகள் மேஜைக்கடியில் ஒடுங்கின. அப்புறம் தலைவர் எழுந்தார். குதிரையேறி மாடு மேய்க்கும் கௌச்சோ ஒருவன் தன் வாயால் சொன்ன வாக்கு, தராசை விடப் பெரியது. மனுஷன் தன் எடையைத் தானே சொன்னால் போதும். குதிரைக்கு வாக்குக் கொடுக்கத் தெரியாது, ஆகையால் அதை மட்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஒவ்வொருவராக எழுந்து நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்கள். கசிமிரோ, "தொண்ணூறு" என்றார். அது பொய் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. பட்டாளத்துக்குப் போன வயதில் அவர் தொண்ணூறுதான். போன இலையுதிர் காலத்தில் மருந்துக்கடை மெஷின் நூற்றுப் பதினெட்டு காட்டியபோது, மெஷின் பழுது என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"தொண்ணூறா, மச்சான்? ஒரு காலை மட்டும் சொல்றியா?" என்றார் பக்கத்தில் இருந்த வென்செஸ்லாவோ.

வென்செஸ்லாவோ, கசிமிரோவின் மனைவி நெலிதாவுக்குத் தம்பி. ஆள் ஈர்க்குச்சி. அறுபத்து நான்கு கிலோ என்று சொல்லிவிட்டு, சந்தேகம் இருப்பவர்கள் தூக்கிப் பார்க்கலாம் என்று வேறு சொன்னார். கசிமிரோ தேறாவிட்டால் கொடி அவருக்குத்தான் என்று கமிட்டி எழுதி வைத்தது. மூன்று தலைமுறையாகக் குடும்பத்தில் இருந்த கொடி மச்சினன் கைக்குப் போவதா! கசிமிரோவுக்கு அன்று இரவு உணவு இறங்கவில்லை. மூன்று துண்டு இறைச்சியோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் நெலிதாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்து, உடம்பின் நீளத்தையும் அளந்து, பெருக்கி வகுத்தால் ஏறத்தாழ எடை வரும் என்று ரெபேக்கா எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். டேப் பாதி வழியில் தீர்ந்துபோனது.

"பத்தலையா?" என்றாள் வாசலில் நின்ற நெலிதா. "போன மாசம் உனக்குக் கால்சட்டை தைக்கிறப்போ உன் இடுப்புக்கும்தான் பத்தலை, கிழவா. நான் கயிறு வெச்சு முடிச்சுப் போட்டு அளந்தேன்."

அவரும் கயிறு வைத்து அளந்தார். முதல் கணக்கில் அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தது. இரண்டாவதில் இருநூற்று எண்பத்தேழு. மூன்றாவதில் நானூறு. முதல் கணக்குதான் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆனால் அவராலேயே அதை நம்ப முடியவில்லை. நானூறு என்றே வைத்துக்கொண்டார். அவர் வாக்குப்படி தொண்ணூறு, தாத்தா காலத்து வெள்ளிப்பூண் சேணம் பதினெட்டு. நாலால் பெருக்கினால் நானூற்று முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு கிலோ இடிக்கிறது.

இந்த இடத்தில் சாதாரண மனுஷன் என்ன செய்வான்? இறைச்சியைக் கொஞ்சம் குறைப்பான், பலகாரத்தை நிறுத்துவான், இரண்டு சுற்று நடந்து பார்ப்பான். லோமா செக்காவில் ஒருவர் தட்டிலும் ஒரு துண்டு குறையவில்லை. மாறாகக் கடையில் மக்காச்சோளம் தீர்ந்துபோனது. பூமியின் தென்பாதியில் ஆகஸ்ட் என்றால் குளிர்காலம், புல் கருகிக் கிடக்கிற நேரம், மற்ற வருஷங்களில் விலா எலும்பை எண்ணலாம் போலிருக்கும் குதிரைகள் அந்த ஆகஸ்ட்டில் பளபளவென்று திரண்டன. ஒருவரை ஒருவர் பார்க்கும்போது மட்டும், "எப்பவும் போலப் புல்லுதான்" என்று சொல்லிக்கொண்டார்கள்.

கசிமிரோ விடிவதற்கு முன்பே எழுந்து சோளம் கொண்டுபோய்க் கொட்டினார். "தின்னுடா ராஜா. இன்னும் கொஞ்சம் தின்னு" என்று கழுத்தைத் தடவினார். ஓபிஸ்போவுக்கு எதுவும் புரியவில்லை. பதினான்கு வருஷச் சேவையை இந்த ஆள் இப்போதாவது உணர்ந்தாரே என்று நினைத்ததோ என்னவோ, மகிழ்ச்சியாகத் தின்றது. கசிமிரோ அதன் மேல் உயிரையே வைத்திருந்தார், அதில் சந்தேகமில்லை. உடம்பையும் அதன் மேல்தான் வைத்திருந்தார், அதுதான் பிரச்சினை.

"நீ வயித்தைக் குறைக்கணும்னு சட்டம் போட்டா, குதிரைக்கு வயித்தை வளக்கிறியே. உனக்கு வெக்கமா இல்லை?" என்றாள் நெலிதா.

"உன் தம்பி கொடி பிடிக்கணும்னு உனக்கு ஆசை."

"எனக்கு அவனும் வேணாம், கொடியும் வேணாம். அது சாணி போடுறது கம்மியாயிருச்சு, கவனிச்சியா?"

அவர் கவனித்திருந்தார். கவனித்ததை மறந்துவிடத் தீர்மானித்திருந்தார்.

நிறுத்துப் பார்க்கும் நாளுக்கு முந்தின மாலை, சோளத்தில் கைப்பிடி கைப்பிடியாக உப்பைக் கலந்தார். தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்தார். காலையில் தொட்டியை நிரப்பி அவிழ்த்து விட்டதும், ஓபிஸ்போ தலையைத் தூக்காமல் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. கணக்கில் அவர் தேறிவிட்டார்.

சந்தைத் திடலில் ஊரே கூடியிருந்தது. ஒரு பக்கம் இறைச்சி சுடக் கட்டை எரிந்தது. மறுபக்கம் எண்ணெயில் மாவுப் பலகாரம் பொரிந்தது. குதிரையின் எடையைக் கேட்டால் கத்தியை உருவுகிற மனுஷர்கள், எடைமேடைக்குப் பக்கத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வென்செஸ்லாவோவின் வெள்ளைப் பெண்குதிரை முந்நூற்று அறுபது காட்டிவிட்டுத் தாராளமாகத் தேறியது. பிறகு ஓபிஸ்போ மேடை ஏறியது. முள் ஆடி ஆடி நின்றது. நானூற்று முப்பத்து நான்கு.

ஆரவாரம் எழுந்தது. கசிமிரோ தொப்பியைக் கழற்றி நாலா பக்கமும் காட்டினார். ரெபேக்கா மட்டும் குதிரையின் வயிற்றில் காதை வைத்தாள்.

"இது வயிறா, தண்ணி டாங்க்கா?"

"தாகம் எடுத்தா குடிக்கும்தானே, டாக்டரம்மா?"

இறைச்சியின் முதல் பக்கம் சிவப்பதற்குள் நெலிதா ஓடி வந்தாள். வேலியில் கட்டியிருந்த ஓபிஸ்போ முன்னங்காலால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. கழுத்தெல்லாம் வேர்வை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடங்கிப் படுத்து, கால்களை மேலே தூக்கிப் புரளப் பார்த்தது. அங்கே இருந்த எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும். குதிரைக்கு வயிற்றுவலி என்றால் பாதி வேளை அடக்கம்தான்.

வென்செஸ்லாவோதான் முதலில் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். அவரும் கசிமிரோவும் இழுத்து அதை எழுப்பி நிறுத்தினார்கள். ரெபேக்கா பெட்டியோடு வந்து விலாவில் கருவியை வைத்துக் கேட்டாள். அவள் முகம் மாறியது.

"உள்ள ஒரு சத்தமும் இல்லை. என்ன குடுத்தீங்க?"

ஊரே சுற்றி நின்றது. தலைவர் நின்றார். கமிட்டி நின்றது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மச்சினன் நின்றார்.

"புல்லு" என்றார் கசிமிரோ. "எப்பவும் போல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தானியம்னா நான் இப்பவே மூக்கு வழியா குழாய் விட்டு வயித்தைக் கழுவணும். புல்லுன்னா வேற வைத்தியம், கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம். தானியமா இருந்து நான் பொறுத்துப் பாத்தா வயிறு கிழிஞ்சிரும். அது வாயைத் திறந்து சொல்லாது. நீங்க சொல்றதை வெச்சுத்தான் நான் பண்ண முடியும்." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "புல்லுதானா? வாக்கா?"

ஓபிஸ்போ அவர் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. அதன் நடுக்கம் அவர் எலும்புக்குள் இறங்கியது. வாழ்நாளில் அவர் அவ்வளவு பயந்ததில்லை. சொன்னால் கொடி போகும். மூன்று தலைமுறை போகும். இனி சாராயக்கடையில் எந்த முகத்தோடு நுழைவது? இதெல்லாம் அவர் மனதில் வரிசையாக வரத்தான் செய்தது. அதற்குள் குதிரை முனகியது.

"சோளம்" என்றார். "சோளம், டாக்டரம்மா. மூணு வாரமா. நேத்து உப்பு. காலையில தண்ணி. அது இல்லாம எனக்கு எடை பத்தலை. நான் தொண்ணூறு இல்லை. பட்டாளத்துலதான் தொண்ணூறு."

யாரும் சிரிக்கவில்லை. ரெபேக்கா ஏற்கெனவே குழாயை எடுத்திருந்தாள். கசிமிரோ தலையைப் பிடித்துக்கொள்ள, வென்செஸ்லாவோ வாளியைப் பிடித்துக்கொள்ள, அவள் மூக்கு வழியாகக் குழாயை இறக்கினாள். புளித்த நாற்றத்தோடு தண்ணீரும் சோளமுமாக வாளி வாளியாக வந்தது. லெதெஸ்மா குடும்பத்து மானம் சந்தைத் திடலில் ஓடையாக ஓடியது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "இருடா, இருடா ராஜா, இதோ ஆச்சு" என்று குதிரையின் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது சங்கத் தலைவர் மெல்ல ரெபேக்காவின் பக்கத்தில் வந்து குனிந்தார். "டாக்டரம்மா, இந்த வேலை முடிஞ்சதும்... நம்ம குதிரைக்கும் கொஞ்சம் உப்பு வெச்சேன்... லேசாத்தான்." அவருக்குப் பின்னால் இன்னொருவர் செருமினார். அவருக்குப் பின்னால் கறிக்கடைக்காரர். கொஞ்ச நேரத்தில், தேவாலயத்தில் செய்த பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட வராதவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள்.

ஓபிஸ்போவைப் படுக்க விடாமல் நடத்த வேண்டும் என்றாள் ரெபேக்கா. மச்சான்கள் இருவரும் மாறி மாறி நடத்தினார்கள். கசிமிரோவுக்கு மூச்சிரைத்தது. அவர் உட்காரவில்லை. இறைச்சி கருகியது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இதை ஊர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வெயில் சாயும் நேரத்தில் ஓபிஸ்போ நின்றது, வாலைத் தூக்கியது, குவியலாகச் சாணி போட்டது. நானூற்று முப்பத்து நான்குக்குக் கிடைத்ததை விட அதற்குக் கைதட்டல் அதிகம். நெலிதா வெளிப்படையாகவே அழுதாள்.

பிறகு குதிரையை மறுபடி மேடையில் ஏற்றினார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. கசிமிரோ அதை இறக்கி மச்சினன் கையில் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காமல் தானே மேடையில் ஏறினார்.

"இறங்கு மச்சான், வேணாம் விடு" என்றார் வென்செஸ்லாவோ.

"என் வாக்கைத்தான் அது கக்கிருச்சே. முள்ளு சொல்லட்டும்."

முள் நூற்று இருபத்தொன்றில் நின்றது.

"மருந்துக்கடை மெஷின் பழுதுன்னு மச்சான் சொன்னது சரிதான்" என்றார் வென்செஸ்லாவோ. "மூணு கிலோ குறைச்சுக் காட்டியிருக்கு."

முதலில் சிரித்தது கசிமிரோதான்.

கொடி வென்செஸ்லாவோவுக்குப் போயிற்று. ஓபிஸ்போவின் முதுகில் அடுத்த மாதம் வரை ஒரு துணி கூடப் போடக் கூடாது என்று ரெபேக்கா உத்தரவு போட்டாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. சான் ரோக்கே நாளில் குதிரையோடு சேணமும் கோயில் வாசலுக்கு வந்து பாதிரியாரின் தீர்த்தம் வாங்க வேண்டும். தீர்த்தம் படாத சேணத்தை அந்த வருஷம் முழுக்க யாரும் குதிரை மேல் போடமாட்டார்கள்.

"அப்போ சேணத்தை யார் தூக்குறது?" என்றாள் நெலிதா.

"நான்" என்றார் கசிமிரோ.

ரெபேக்கா மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். "நூத்தி இருபத்தொண்ணுல அஞ்சுல ஒரு பங்கு இருபத்தி நாலு. சேணம் பதினெட்டு. தாராளமா தூக்கலாம், தோன் கசிமிரோ. சட்டப்படி அனுமதி உண்டு."

ஊர்வலம் ஊருக்கு வெளியே சிலுவை மேட்டிலிருந்து புறப்பட்டது. முன்னால் கொடியோடு வென்செஸ்லாவோ. கடைசியில், ஒரு கையில் கயிறும் முதுகில் சேணமுமாகக் கசிமிரோ. பின்னால் ஓபிஸ்போ, வெறும் முதுகோடு, இரண்டு பக்கமும் ஆசீர்வதித்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் அவருக்கு இடுப்பு விண்ணென்று தெறித்தது. ஆட்டுத்தோல் விரிப்பு கழுத்தைச் சுட்டது. வெள்ளி வளையம் அடிக்கு ஒரு தரம் விலாவில் இடித்தது. தாத்தா ஏன் இவ்வளவு வெள்ளியைப் பதித்தார் என்று முதல்முறையாக அவருக்கு எரிச்சல் வந்தது. பதினெட்டு கிலோதான். ஒரு காலை நேரம்தான். இந்தப் பிராணி பதினான்கு வருஷம் என்னைச் சுமந்ததே என்று நினைத்ததும் சேணத்தை இன்னும் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கோயில் வாசலை அடைந்தபோது கூட்டம் விலகி வழி விட்டது. சுரூபத்துக்கு நேர் எதிரில், போன வருஷம் ஓபிஸ்போ நின்ற அதே கல்லில், அவருடைய முட்டிகள் இரண்டும் தாமாக மடங்கின. பொத்தென்று மண்டியிட்டார்.

"அதிசயம்!" என்று அலறினாள் தோனா த்ரான்சித்தோ. "குதிரைக்கு இருந்த பக்தி எஜமானுக்கும் வந்துருச்சு!"

பெண்கள் சிலுவை போடக் கையைத் தூக்கினார்கள். மணிக்கயிற்றைப் பிடிக்க ஒருவன் ஓடினான். கசிமிரோ தொப்பியைக் கழற்றவில்லை.

"பக்தி இல்லை, தோனா த்ரான்சித்தோ" என்றார் மூச்சு வாங்க. "பாரம். போன வருஷமும் பாரம்தான்."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. பாதிரியார் தீர்த்தச் செம்போடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஓபிஸ்போ மட்டும் நாலு காலில் சௌகரியமாக நின்றபடி, சான் ரோக்கேயின் காலடியில் காணிக்கை வைத்திருந்த கூடையை நோக்கிக் கழுத்தை நீட்டியது. கூடையில் மக்காச்சோளக் கதிர். மண்டியிட்ட நிலையிலேயே கசிமிரோ கயிற்றைச் சுண்டினார். "போதும்டா."

எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. வென்செஸ்லாவோ குதிரையிலிருந்து இறங்கி வந்து, கொடிக்கம்பத்தைத் தரையில் ஊன்றி அவர் முன்னால் நீட்டினார்.

"பிடிச்சு எந்திரி, மச்சான்."

கசிமிரோ இரண்டு கையாலும் பிடித்தார். கம்பம் லேசாக வளைந்தது. அந்த வருஷம் கொடி லெதெஸ்மா குடும்பத்தின் கையில் இருந்தது அவ்வளவு நேரம்தான்.